மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பயனர் கணக்குகளும் உரிமைகளும்

தரவை அட்டவணைகளாகச் சேமித்து வைக்கும் மென்பொருளான மைஎஸ்கியூஎல் சர்வரைத் தம் கணினியில் நிறுவிப் பழகத் தொடங்கும் எவரும் முதலில் சந்திப்பது எல்லா உரிமைகளும் கொண்ட ரூட் என்ற கணக்கைத்தான். அட்டவணைகளை உருவாக்குவது, தரவைச் சேர்ப்பது, தவறாகச் சேர்த்ததை அழிப்பது என எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கணக்கு போதுமானதாக இருக்கிறது. தனியாகப் பழகும் வரையில் அதில் தீங்கும் இல்லை. ஆனால் அதே சர்வரில் ஒரு கடையின் அல்லது அலுவலகத்தின் உண்மையான கணக்கு வழக்குகள் சேரத் தொடங்கிய பிறகும், பல பேரும் பல மென்பொருள்களும் அதை அணுகத் தொடங்கிய பிறகும், ரூட் கடவுச்சொல்லையே எல்லோரிடமும் கொடுத்து வைப்பது பலருக்கும் விடாத பழக்கமாகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தை எப்படி மாற்றுவது, ஒவ்வொருவருக்கும் எந்தக் கணக்கை எப்படி அமைப்பது, எந்த உரிமையை எந்த அளவில் கொடுப்பது என்பதைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு மருந்துக்கடையின் தரவு முழுவதும் 'மருந்தகம்' என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. அதில் மருந்துகள், விற்பனை, கொள்முதல், ஊழியர் என நான்கு அட்டவணைகள் உள்ளன. ஊழியர் அட்டவணையில் பெயரும் கைப்பேசி எண்ணும் மட்டுமல்லாமல் மாதச் சம்பளமும் இருக்கிறது. இந்தத் தரவுத்தளத்தை மூவர் அணுக வேண்டும். கவுண்டரில் உள்ள பில்லிங் மென்பொருள் ஒன்று. மாதக் கடைசியில் விற்பனையையும் கொள்முதலையும் சரிபார்க்க வரும் கணக்கர் ஒருவர். இரவில் தானாக ஓடிக் காப்புப்பிரதி எடுக்கும் சிறு நிரல் ஒன்று. இம்மூன்றுக்கும் தேவைப்படுவது வேறு வேறு. கீழே வரும் கட்டளைகளை வாசிக்கும் ஒலிப்பில் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தர வேண்டும்.

மைஎஸ்கியூஎல் ஒரு பயனரை இரண்டு கட்டங்களில் சோதிக்கிறது. முதல் கட்டத்தில், இணைப்பைக் கேட்கிறவர் யார், அவரை உள்ளே விடலாமா என்பதை மட்டும் பார்க்கிறது. உள்ளே வந்த பிறகு அவர் தரும் ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனியாக எடுத்து, அதைச் செய்ய அவருக்கு உரிமை உண்டா என்று இரண்டாம் கட்டத்தில் பார்க்கிறது. உள்ளே வருவதற்கான தகுதியும் உள்ளே செய்யக்கூடிய வேலையும் இப்படிப் பிரிந்து நிற்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், கணக்குகள் தொடர்பாக எழும் பிழைச் செய்திகளில் பெரும்பாலானவற்றை வாசித்த உடனேயே புரிந்துகொள்ள முடியும்.

பெயரும் இடமும் சேர்ந்ததே கணக்கு

புதிதாகக் கற்பவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். மைஎஸ்கியூஎல்லில் பயனர் பெயர் மட்டும் ஒரு கணக்காகாது. அவர் எந்தக் கணினியிலிருந்து இணைகிறார் என்பதும் கணக்கின் ஒரு பகுதி. பில்லிங் மென்பொருளுக்கு ஒரு கணக்கை இப்படி உருவாக்கலாம்:

கிரியேட் யூசர் 'பில்லிங்'@'192.168.1.20' ஐடென்டிஃபைட் பை 'கடவுச்சொல்';

கவுண்டர் கணினியின் முகவரியான 192.168.1.20 என்பதிலிருந்து வந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். கடையின் உள் வலையமைப்பில் உள்ள எந்தக் கணினியும் போதும் என்றால் '192.168.1.%' என்று எழுதலாம். சர்வர் உள்ள அதே கணினி என்றால் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதலாம். வெறும் '%' என்று எழுதினால் உலகின் எந்த மூலையிலிருந்தும் வரலாம் என்று பொருள். இங்கே ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இடத்தைக் குறிப்பிடாமல் பெயரை மட்டும் எழுதிக் கணக்கைத் தொடங்கினால், மைஎஸ்கியூஎல் அதை '%' என்றே எடுத்துக்கொள்கிறது. எழுதாமல் விட்டது கதவைத் திறந்து விட்டதாக ஆகிவிடுகிறது. ஆகவே இடத்தை எழுதாமல் எந்தக் கணக்கையும் தொடங்குவதில்லை என்பதை வழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது.

இதிலிருந்து பின்வரும் இன்னொரு செய்தி, 'பில்லிங்'@'%' என்பதும் 'பில்லிங்'@'லோக்கல்ஹோஸ்ட்' என்பதும் இரண்டு வெவ்வேறு கணக்குகள் என்பதாகும். அவற்றுக்கு வெவ்வேறு கடவுச்சொற்கள் இருக்கலாம், வெவ்வேறு உரிமைகளும் இருக்கலாம். இரண்டுமே இருக்கும்போது சர்வர் உள்ள கணினியிலிருந்தே ஒருவர் இணைந்தால், மிகக் குறிப்பான இடத்தைக் கொண்ட கணக்கையே, அதாவது லோக்கல்ஹோஸ்ட் கணக்கையே சர்வர் தேர்ந்தெடுக்கிறது. அதன் கடவுச்சொல் பொருந்தவில்லை என்றால் அடுத்ததை முயன்று பார்ப்பதில்லை, அங்கேயே மறுத்துவிடுகிறது. '%' கணக்கின் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றி அமைத்தாலும் உள்ளே நுழைய முடியாமல் மணிக்கணக்கில் திண்டாடுகிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பழைய பதிப்புகளில் நிறுவலின்போதே உருவாகிவிடும் பெயரில்லாத கணக்கும் இதே காரணத்தால் பலரைக் குழப்பியிருக்கிறது. எந்தக் கணக்கின் பேரில் உள்ளே இருக்கிறோம் என்று ஐயம் வந்தால் இரண்டு செயற்கூறுகளை ஒருசேரக் கேட்டுப் பார்க்க வேண்டும்:

செலக்ட் யூசர்(), கரண்ட்_யூசர்();

முதலாவது, நாம் எந்தப் பெயரைச் சொல்லி எங்கிருந்து வந்தோம் என்பதைக் காட்டும். இரண்டாவது, சர்வர் நம்மை எந்தக் கணக்காக ஏற்றுக்கொண்டது என்பதைக் காட்டும். இரண்டும் வேறுபட்டிருக்கக்கூடும் என்பதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் இந்தப் பகுதி பிறகு மறக்காது.

நுழையும் கட்டத்தில் வரும் பிழைச் செய்தியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1045 என்ற எண்ணுடன் அது இப்படி வரும்: "அக்சஸ் டினைட் ஃபார் யூசர் 'பில்லிங்'@'192.168.1.35', யூசிங் பாஸ்வேர்ட்: யெஸ்". பலர் 'அக்சஸ் டினைட்' என்ற இரண்டு சொற்களோடு வாசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பயனுள்ள செய்தி அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அதில் காணும் முகவரி, நாம் எங்கிருந்து வருவதாகச் சர்வருக்குத் தெரிகிறது என்பதைச் சொல்கிறது. நாம் அனுமதி கொடுத்தது 192.168.1.20 என்ற முகவரிக்கு; வந்திருப்பதோ 35 என்று முடியும் முகவரி. ரௌட்டரை அணைத்துப் போட்டதில் கவுண்டர் கணினிக்கு வேறு முகவரி கிடைத்திருக்கலாம். ஆகவே கடவுச்சொல்லில் கை வைக்க வேண்டிய தேவையே இல்லை. கடைசியில் உள்ள 'யெஸ்' என்பது கடவுச்சொல் ஒன்று அனுப்பப்பட்டது என்பதைக் காட்டுகிறது. அங்கே 'நோ' என்று இருந்தால், மென்பொருளின் அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 1130 என்ற எண் வந்தால், அந்த முகவரிக்கு எந்தப் பெயரிலும் கணக்கே இல்லை என்று பொருள். இவை எதுவும் வராமல் இணைப்பே கிடைக்கவில்லை என்று வந்தால் அது கணக்கு தொடர்பான சிக்கல் அன்று. சர்வர் ஓடுகிறதா, 3306 என்ற போர்ட் திறந்திருக்கிறதா, சர்வர் எந்த முகவரியில் இணைப்புகளை ஏற்கிறது என்பதைச் சொல்லும் பைண்ட் அட்ரஸ், அதே கணினியை மட்டும் குறிக்கும் 127.0.0.1 என்று அமைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உள்ளே வந்தவருக்கு என்ன உரிமை

புதிதாகத் தொடங்கிய கணக்குக்கு எந்த உரிமையும் இல்லை. ஷோ கிராண்ட்ஸ் என்ற கட்டளையால் அதன் உரிமைகளைக் கேட்டால் 'யூசேஜ்' என்ற ஒரே சொல் வரும். பெயர் எப்படி ஒலித்தாலும், உள்ளே வரலாம், வேறு எதுவும் செய்ய முடியாது என்பதே அதன் பொருள். இந்த வெறுமையிலிருந்து தொடங்கி, தேவையானவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போவதே சரியான முறை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் பிறகு ஆபத்தானவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறவர்கள், எது ஆபத்தானது என்பது முன்கூட்டியே தமக்குத் தெரியும் என்று நம்புகிறார்கள்; அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்துப் போகிறது.

உரிமையைக் கொடுக்கும் கட்டளை கிராண்ட். திரும்ப எடுத்துக்கொள்ளும் கட்டளை ரிவோக். இவை மைஎஸ்கியூஎல்லுக்கு மட்டும் உரியவை அல்ல. கணினி அறிவியலாளர் எட்கர் காட் 1970-இல், தரவை அட்டவணைகளாகக் காணும் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்வைத்த பிறகு, ஐபிஎம் நிறுவனம் அதைச் செயல்படுத்திப் பார்க்க சிஸ்டம் ஆர் என்ற ஆய்வுத் திட்டத்தை நடத்தியது. அதில் பணியாற்றிய பட்ரீசியா கிரிஃபித்ஸும் பிராட்ஃபோர்ட் வேடும் 1976-இல் வகுத்த முறையின் வழியில்தான் இன்றைய கிராண்ட்டும் ரிவோக்கும் வந்திருக்கின்றன. அட்டவணையை உருவாக்கியவருக்கு அதன் மீது முழு உரிமை. அவர் விரும்பினால் அதைப் பிறருக்குக் கொடுக்கலாம், பிறகு திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அவர்கள் வகுத்த அடிப்படை.

உரிமையைக் கொடுக்கும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: எந்தச் செயலுக்கு, எந்தப் பரப்பில். செயல்களில் அன்றாடம் வேண்டியவை நான்கு. செலக்ட் என்பது வாசிப்பதற்கும், இன்செர்ட் என்பது புதிய வரிசையைச் சேர்ப்பதற்கும், அப்டேட் என்பது இருப்பதைத் திருத்துவதற்கும், டெலீட் என்பது வரிசையை நீக்குவதற்கும் உரியவை. பரப்பு என்பது முழுச் சர்வராக இருக்கலாம். ஒரு தரவுத்தளமாக, ஒரு அட்டவணையாக, ஓர் அட்டவணையின் சில நெடுவரிசைகளாகவும் இருக்கலாம். முழுச் சர்வரைக் குறிக்க *.* என்றும், நம் தரவுத்தளத்தைக் குறிக்க மருந்தகம்.* என்றும், ஓர் அட்டவணையைக் குறிக்க மருந்தகம்.விற்பனை என்றும் எழுத வேண்டும்.

பில்லிங் மென்பொருளின் வேலையை நினைத்துப் பார்ப்போம். மருந்தின் பெயரையும் விலையையும் அது வாசிக்க வேண்டும். விற்ற பிறகு இருப்பைக் குறைக்க வேண்டும். விற்பனையில் ஒரு வரிசையைச் சேர்க்க வேண்டும். பில் போட்ட பிறகு அதை அழிக்கும் வேலை அதற்கு இல்லை. தவறான பில்லுக்கு எதிர்ப்பதிவு ஒன்றைச் சேர்ப்பதே கணக்கு வழக்கில் முறை. ஆகவே அதற்கு இவ்வளவு போதும்:

கிராண்ட் செலக்ட், அப்டேட் (இருப்பு) ஆன் மருந்தகம்.மருந்துகள் டு 'பில்லிங்'@'192.168.1.20';
கிராண்ட் செலக்ட், இன்செர்ட் ஆன் மருந்தகம்.விற்பனை டு 'பில்லிங்'@'192.168.1.20';

முதல் கட்டளையில் அப்டேட்டுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இருப்பு என்று எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கால் மருந்தின் இருப்பு எண்ணிக்கையைத் திருத்த முடியும். விலையைத் திருத்த முடியாது. கவுண்டரில் இருப்பவர் மீது ஐயப்பட்டு இப்படிச் செய்யவில்லை. மென்பொருளில் ஒரு பிழை இருந்தாலும், யாரேனும் அதன் படிவத்தின் வழியே, தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் எழுதிய கட்டளையைப் புகுத்தினாலும், சேதம் இந்த எல்லையைத் தாண்டாது. ஊழியர் அட்டவணையின் பெயரே இந்த இரண்டு கட்டளைகளில் இல்லை என்பதால், சம்பள விவரம் இந்தக் கணக்கின் கண்ணிலேயே படாது. இன்னொரு நுணுக்கமும் உண்டு: குறிப்பிட்ட மருந்தின் இருப்பைத் திருத்த வேண்டுமானால் அந்த மருந்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அந்தத் தேடலுக்குச் செலக்ட் உரிமை தேவை. அப்டேட் மட்டும் கொடுத்துவிட்டு ஏன் மறுக்கிறது என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை.

அட்டவணையைக் காலி செய்யும் ட்ரங்கேட் கட்டளை டெலீட் உரிமையின் கீழ் வருவதில்லை. அதற்கு ட்ராப் உரிமை வேண்டும். இதை நான் கற்ற விதம் இன்றும் மனத்தை உறுத்துகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடம் ஒன்றில் பில்லிங் மென்பொருள் ரூட் கணக்கில்தான் இணைந்திருந்தது. அதன் அமைப்புக் கோப்பில் கடவுச்சொல் எல்லோரும் வாசிக்கும்படி கிடந்தது. பயிற்சிக்கு வந்த இளைஞர் ஒருவரிடம் சோதனைச் சர்வரில் உள்ள விற்பனை அட்டவணையைக் காலி செய்யச் சொன்னோம். அவர் அந்தக் கோப்பில் இருந்த விவரங்களைக் கொண்டே இணைந்தார். அவை உண்மைச் சர்வருக்கு உரியவை. ட்ரங்கேட் ஒரு நொடியில் முடிந்தது. முந்தைய இரவின் காப்புப்பிரதியிலிருந்து பழைய தரவு திரும்பி வந்தது; அன்று காலையிலிருந்து மதியம் வரை போட்ட பில்களை மட்டும் காகித நகல்களைப் பார்த்து மூன்று பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தோம். அன்று எல்லோரும் அந்த இளைஞரைத்தான் கடிந்துகொண்டோம். பில்லிங் மென்பொருளின் கணக்குக்கு ட்ராப் உரிமை இருந்ததற்கு அவர் பொறுப்பில்லை. அதைக் கொடுத்து வைத்த நாங்கள்தான் பொறுப்பு.

கணக்கருக்கு வாசிக்கும் உரிமை மட்டும் போதும். அதுவும் விற்பனை, கொள்முதல் ஆகிய இரண்டு அட்டவணைகளில் போதும். இதை எழுதும்போது, மருந்தகம்.* என்று முழுத் தரவுத்தளத்துக்கும் செலக்ட் கொடுத்துவிட்டு ஊழியர் அட்டவணையை மட்டும் ரிவோக் செய்துவிடலாமே என்று தோன்றும். அது நடக்காது. தரவுத்தள அளவில் கொடுத்த உரிமை அந்த அளவிலேயே பதிவாகிறது. அட்டவணை அளவில் ரிவோக் செய்தால், அப்படி ஓர் உரிமையைக் கொடுத்ததாகவே பதிவு இல்லை என்று பிழை வரும். மைஎஸ்கியூஎல் எல்லா அளவுகளிலும் உள்ள உரிமைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கிறது. ஏதேனும் ஓர் அளவில் அனுமதி இருந்தாலே போதும் என்று விட்டுவிடுகிறது. 8.0.16 பதிப்பிலிருந்து பகுதி விலக்கம் என்ற வசதி வந்திருக்கிறது. ஆனால் அதுவும் முழுச் சர்வருக்குக் கொடுத்த உரிமையிலிருந்து ஒரு தரவுத்தளத்தை விலக்கி வைக்க மட்டுமே உதவும். எனவே இரண்டு அட்டவணைகளுக்கும் தனித்தனியாக கிராண்ட் எழுதுவதே வழி. ஊழியரின் பெயரைக் கணக்கர் பார்க்க வேண்டியிருந்தால், சம்பளத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் காட்டும் ஒரு வியூவை, அதாவது அட்டவணை போலவே வாசிக்கக்கூடிய, சேமித்து வைத்த ஒரு வினவலை உருவாக்கி, அந்த வியூவின் மீது செலக்ட் கொடுக்கலாம்.

தரவுத்தளத்தின் பெயரில் அடிக்கோடு இருந்தால் இன்னொரு எச்சரிக்கை தேவை. தரவுத்தள அளவிலான கிராண்ட் கட்டளையில் அடிக்கோடு என்பது ஏதேனும் ஓர் எழுத்தைக் குறிக்கும் பொதுக்குறியாகவும் வேலை செய்கிறது. கடை_1 என்ற தரவுத்தளத்துக்குக் கொடுப்பதாக நினைத்து எழுதுவது, அந்த இடத்தில் வேறோர் எழுத்துள்ள தரவுத்தளத்துக்கும் பொருந்திவிடும். அடிக்கோட்டுக்கு முன் ஒரு பின்சாய்வுக்கோடு இட்டால் இது நேராது.

காப்புப்பிரதி எடுக்கும் நிரலுக்கு என்ன வேண்டும் என்பது அது எப்படி எடுக்கிறது என்பதைப் பொறுத்தது. மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற வழக்கமான கருவிக்குச் செலக்ட், ஷோ வியூ, ட்ரிகர் ஆகிய உரிமைகள் வேண்டும். அட்டவணைகளைப் பூட்டாமல் ஒரே பரிவர்த்தனைக்குள் எடுக்கச் சொல்லும் சிங்கிள் ட்ரான்சாக்ஷன் என்ற தெரிவைப் பயன்படுத்தாவிட்டால் லாக் டேபிள்ஸ் உரிமையும் வேண்டும். 8.0.21 பதிப்பு முதல், டேபிள்ஸ்பேஸ் (தரவு வைக்கப்படும் கோப்புகள்) பற்றிய விவரங்களை விட்டுவிடச் சொல்லாத வரையில், ப்ராசஸ் உரிமையையும் கேட்கிறது. எதையும் மாற்றும் உரிமை அதற்குத் தேவையே இல்லை. 'பேக்கப்'@'லோக்கல்ஹோஸ்ட்' என்று சர்வர் கணினிக்குள்ளேயே இந்தக் கணக்கை அடைத்து வைக்கலாம்.

சில உரிமைகளைக் கொடுக்கும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஃபைல் உரிமை உள்ளவரால் சர்வர் கணினியில் உள்ள கோப்புகளை வாசிக்கவும் எழுதவும் முடியும். செக்யூர் ஃபைல் ப்ரிவ் என்ற அமைப்பு அதை ஒரு கோப்புறைக்குள் கட்டுப்படுத்தினாலும், சாதாரண வேலைக்கு இந்த உரிமை தேவைப்படுவது அரிது. ப்ராசஸ் உரிமை உள்ளவர் பிறர் அந்த நேரத்தில் தந்துகொண்டிருக்கும் கட்டளைகளைப் பார்க்கலாம். மைஎஸ்கியூஎல் என்ற பெயருடைய உள் தரவுத்தளத்தில் திருத்தும் உரிமை கிடைத்தவர் தம் உரிமைகளையே தாம் கூட்டிக்கொள்ள முடியும். கணக்குகளும் உரிமைகளும் அங்கேதான் அட்டவணைகளாகப் பதிவாகியுள்ளன. இவற்றுக்கு மேலாக, கிராண்ட் கட்டளையின் இறுதியில் வித் கிராண்ட் ஆப்ஷன் என்று சேர்த்தால், பெற்ற உரிமையைப் பிறருக்கும் கொடுக்கும் அதிகாரம் சேர்ந்துவிடுகிறது. அப்படிப் பெற்றவரிடமிருந்து பிறகு ரிவோக் செய்தாலும், அவர் இடையில் யாருக்கெல்லாம் கொடுத்தாரோ அவர்களிடம் அந்த உரிமை அப்படியே இருக்கும். மைஎஸ்கியூஎல் அதைத் தொடர்ந்து போய்ப் பறிப்பதில்லை. போஸ்ட்கிரஸ் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருளில் ரிவோக் கட்டளையோடு கேஸ்கேட் என்று சேர்த்து அந்தச் சங்கிலியை முழுவதுமாக நீக்க முடியும்.

ரோல் என்னும் வசதி

கவுண்டரில் ஒரே ஒரு மென்பொருள் இருக்கும் வரை மேலே சொன்ன முறை போதும். கிளைகள் கூடி, அதே வேலையைச் செய்யும் கணக்குகள் பத்து பன்னிரண்டு என்று பெருகும்போது, ஒவ்வொன்றுக்கும் அதே கிராண்ட் கட்டளைகளைத் திரும்ப எழுதுவதில் ஒன்றிரண்டு விடுபட்டுப் போகும். 2018 ஏப்ரலில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 8.0 பதிப்பிலிருந்து இதற்கு ரோல் என்ற வசதி இருக்கிறது. கவுண்டர் என்ற பெயரில் ஒரு ரோலை உருவாக்கி, உரிமைகளை அதற்குக் கொடுத்து, பிறகு அந்த ரோலையே கணக்குகளுக்குக் கொடுத்துவிடலாம். பின்னாளில் கொள்முதலையும் வாசிக்க வேண்டும் என்று வந்தால், ரோலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

ரோலைக் கொடுத்துவிட்டு, "உரிமை கொடுத்தாயிற்று, ஆனாலும் மறுக்கிறது" என்று திகைப்பவர்கள் மிகப் பலர். காரணம் எளியது: கொடுத்த ரோல் தானாகச் செயலுக்கு வருவதில்லை. ஷோ கிராண்ட்ஸ் கேட்டால் ரோல் இருப்பதாகக் காட்டும். கரண்ட்_ரோல்() கேட்டால் 'நன்', அதாவது எதுவும் இல்லை, என்று வரும். பயனர் நுழையும்போதே ரோல் செயலுக்கு வர வேண்டுமானால் அதை இயல்புநிலை ரோலாக அறிவிக்க வேண்டும்:

செட் டிஃபால்ட் ரோல் ஆல் டு 'பில்லிங்'@'192.168.1.20';

எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே முறையில் இதைச் செய்ய விரும்பினால், ஆக்டிவேட் ஆல் ரோல்ஸ் ஆன் லாகின் என்ற சர்வர் அமைப்பை ஆன் என்று மாற்றிவிடலாம். அது நிறுவும்போது ஆஃப் என்றே இருக்கும்.

உள்ளே வந்த பிறகு வரும் மறுப்புகளுக்கும் தனி எண்கள் உண்டு. 1044 என்றால் அந்தத் தரவுத்தளத்துக்கே அனுமதி இல்லை. 1142 என்றால் குறிப்பிட்ட அட்டவணையில் அந்தச் செயலுக்கு அனுமதி இல்லை. 1227 என்றால் நிர்வாகிக்கு உரிய ஓர் உரிமை தேவைப்படுகிறது. 1142-இல் எந்தச் செயல், எந்த அட்டவணை என்பதைச் சர்வரே பெயர் சொல்லிக் கூறுகிறது. அந்த ஒன்றை மட்டும் கொடுக்க வேண்டுமா என்று யோசித்து முடிவெடுக்கலாம். அவசரத்தில் ஆல் ப்ரிவிலேஜஸ் என்று எழுதிவிட்டு, "பிறகு சரிசெய்துகொள்ளலாம்" என்று நகர்ந்துவிடக் கூடாது. வேலை நடக்கத் தொடங்கிய பிறகு யாரும் அந்த வரிக்குத் திரும்பி வருவதில்லை.

உரிமையை மாற்றிய பிறகு ஃப்ளஷ் ப்ரிவிலேஜஸ் என்று எழுத வேண்டும் எனப் பல இடங்களில் சொல்லப்படுவதைக் காணலாம். கிராண்ட், ரிவோக் போன்ற கட்டளைகளைப் பயன்படுத்தினால் அது தேவையில்லை. உள் அட்டவணைகளை நேரடியாகத் திருத்தினால் மட்டுமே தேவை, அப்படித் திருத்துவதோ தவிர்க்க வேண்டிய செயல். ஆனால் மாற்றம் எப்போது நடைமுறைக்கு வரும் என்பதில் வேறுபாடு உண்டு. அட்டவணை, நெடுவரிசை அளவிலான மாற்றம் அடுத்த கட்டளையிலேயே வரும்; தரவுத்தள அளவிலான மாற்றம், பயனர் அடுத்த முறை யூஸ் கட்டளையால் அந்தத் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வரும்; முழுச் சர்வர் அளவிலான மாற்றம் புதிய இணைப்புகளுக்கே பொருந்தும்.

கடவுச்சொல்லை மாற்றுவதும் கணக்கை மூடுவதும்

பில்லிங் மென்பொருளின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சர்வரில் மாற்றிய நொடிக்கும் கவுண்டர் கணினிகளின் அமைப்புக் கோப்பில் மாற்றும் நொடிக்கும் இடையில் பில் போடுவது நின்றுவிடும். இதற்குப் பயந்தே பலர் ஆண்டுக்கணக்கில் கடவுச்சொல்லைத் தொடுவதில்லை. 8.0.14 பதிப்பிலிருந்து ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் இரண்டு கடவுச்சொற்கள் இருக்கலாம். ஆல்டர் யூசர் கட்டளையில் புதிய கடவுச்சொல்லுக்குப் பின் ரீட்டெய்ன் கரண்ட் பாஸ்வேர்ட் என்று சேர்த்தால் பழையதும் செல்லும். எல்லாக் கணினிகளிலும் புதியதை எழுதி முடித்த பிறகு டிஸ்கார்ட் ஓல்ட் பாஸ்வேர்ட் என்று சொல்லிப் பழையதை நீக்கிவிடலாம். அவ்வளவாகப் பேசப்படாத இந்த வசதியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்ட வேலையை ஒரு பகல் பொழுதில் யாருக்கும் இடையூறின்றி முடித்துவிட முடிகிறது.

ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அவருடைய கணக்கை நீக்க ட்ராப் யூசர் என்ற கட்டளை இருக்கிறது. அதைத் தருவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. அவருக்கு எத்தனை கணக்குகள் உள்ளன என்று பார்க்க வேண்டும். பெயரும் இடமும் சேர்ந்ததே கணக்கு என்பதால், லோக்கல்ஹோஸ்ட்டில் உள்ளதை நீக்கிவிட்டு '%' உள்ளதை மறந்துவிடுவது எளிதில் நடக்கிறது:

செலக்ட் யூசர், ஹோஸ்ட் ஃப்ரம் மைஎஸ்கியூஎல்.யூசர்;

அடுத்து, அவர் உருவாக்கிய வியூக்களும் சேமித்த செயல்முறைகளும் அவருடைய பெயரில் ஓடிக்கொண்டிருக்கலாம். கணக்கு மறைந்துவிட்டால் அவை 1449 என்ற பிழையுடன் நின்றுவிடும். ஆகவே முதலில் ஆல்டர் யூசர் கட்டளையில் அக்கவுன்ட் லாக் என்று சேர்த்துக் கணக்கைப் பூட்டி வைப்பதே நல்லது. பூட்டிய கணக்கில் யாரும் புதிதாக நுழைய முடியாது. அதன் பெயரில் உள்ள வியூக்கள் மட்டும் தொடர்ந்து வேலை செய்யும். அவற்றையெல்லாம் வேறொரு கணக்கின் பெயருக்கு மாற்றிய பிறகு ட்ராப் செய்யலாம்.

பூட்டினாலும் நீக்கினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு தானாக மூடிக்கொள்வதில்லை. மாலையில் கணக்கை நீக்கிவிட்டு நாம் வீட்டுக்குப் போயிருக்க, காலையில் திறந்து வைத்த ஒரு சாளரத்தில் அவரால் இன்னமும் தரவை வாசிக்க முடியும். ஷோ ப்ராசஸ்லிஸ்ட் கொடுத்து, அவருடைய பெயர் உள்ள வரிசையில் முதலில் காணும் எண்ணைக் குறித்துக்கொண்டு, கில் என்ற சொல்லோடு அந்த எண்ணைத் தந்தால் இணைப்பு அறுந்துவிடும். மீண்டும் ஒரு முறை ஷோ ப்ராசஸ்லிஸ்ட் கொடுத்து, பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்பதைப் பார்த்த பிறகே அந்தக் கணக்கு மூடப்பட்டதாகக் கொள்ள முடியும்.